வேண்டுமென்றே செய்தது: இன்டென்ஷனலி, டெலிபரேட்லி, ஆன் பர்பஸ் எல்லாம் ஒன்றுதானா?

குழித்துறை நர்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டு வேலைக்காக மார்த்தாண்டத்தில் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வு) வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு பயிற்சிக் கடிதத்தில் சிக்கி நிற்கிறேன். நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, அதனால் டாக்டர் சொல்லி காலை மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தோம், மறந்துபோய் விட்டதில்லை. இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். டீச்சர் ‘இன்டென்ஷனலி’ என்று போடச் சொன்னார். பக்கத்தில் இருந்த அக்கா ‘டெலிபரேட்லி’ என்று எழுதியிருந்தார், அதையும் தவறு என்று அடிக்கவில்லை. வீட்டில் தம்பி ‘ஆன் பர்பஸ்’ என்கிறான். அகராதியைத் திறந்தால் மூன்றுக்கும் ‘வேண்டுமென்றே’ என்றுதான் இருக்கிறது. வித்தியாசம் உண்டா இல்லையா என்று யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

குலசேகரம் ரப்பர்:
மூன்றும் ஒன்றுதான், ரொம்ப யோசிக்காதீங்க. இங்கிலீஷ்காரனே மாற்றி மாற்றித்தான் பேசுகிறான். பரீட்சையில் எதைப் போட்டாலும் மார்க் வரும்.

தக்கலை டீச்சர்:
பாதி உண்மை. கோபத்தில் பேசும்போது மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழும், அதை மறுக்கவில்லை. ஆனால் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் பல வருஷம் இங்கிலீஷ் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், நிதானமாக எழுதும் இடத்தில் மூன்றும் மூன்று கேள்விக்குப் பதில்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம் மக்களே. உங்கள் வீட்டுப் பலாமரத்துக் கொப்பு மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் ரப்பர் ஷீட் உலர்த்துகிற இடத்தில் நிழல் விழுகிறது. நீங்கள் வெட்ட மாட்டேன் என்கிறீர்கள். ஒருநாள் அவரே ஆள் வைத்து வெட்டுகிறார். கொப்பு விழும்போது உங்கள் சமையலறை ஓடு நான்கைந்து உடைகிறது.

கொப்பை வெட்டியது இன்டென்ஷனலி. கத்தி தவறிப் பட்டு வெட்டுப்படவில்லை, அவர் வெட்ட நினைத்தார், வெட்டினார். செய்கையும் நினைப்பும் பொருந்துகிறதா என்பதுதான் அந்தச் சொல்லின் கேள்வி. ‘ஆன் பர்பஸ்’ அதற்கு அப்பால் போய், எதற்காக என்று கேட்கிறது: வெயில் வேண்டும் என்பதற்காக. அதனால் கொப்பு வெட்டியது ஆன் பர்பஸ்தான். ஓடு உடைந்தது அப்படி இல்லை, ஓட்டை உடைத்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது டெலிபரேட்லிக்கு வாருங்கள். வெட்டுகிற ஆள் மேலே ஏறியதும், “அண்ணாச்சி, இது விழுந்தா ஓட்டுமேலதான் விழும், கயிறு கட்டி இறக்கணும்னா இன்னொரு ஆள் வேணும்” என்று சொல்கிறான். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறார். இன்னொரு ஆளைத் தேடினால் இன்றைக்கு வேலை நடக்காது. “ஓடு உடைஞ்சா வாங்கிக் கொடுத்துடலாம், நீ வெட்டு” என்கிறார். இங்கே ஓடு உடைந்ததை டெலிபரேட் என்று சொல்ல இடம் இருக்கிறது, ஏனென்றால் அதை எதிரில் வைத்து, லாபமும் நஷ்டமும் பார்த்து, தெரிந்து ஒரு முடிவு எடுத்தார். ஆனாலும் ஆன் பர்பஸ் என்று சொல்ல முடியாது.

டெலிபரேட் என்ற சொல்லுக்குள்ளேயே லத்தீனில் தராசைக் குறிக்கிற ‘லிப்ரா’ இருக்கிறது. நிறுத்துப் பார்ப்பது. அதனால்தான் வெளிநாட்டு நீதிமன்றத்தில் ஜூரிகள் தனியறையில் கூடி யோசிப்பதை டெலிபரேஷன் என்கிறார்கள், ஒருவர் நிதானமாக அளந்து அடியெடுத்து வைத்தால் அதையும் டெலிபரேட் என்கிறார்கள். இன்டென்ஷனலுக்கு அந்த வேகம் குறைந்த அர்த்தம் ஒருநாளும் வராது. ஒரு நொடியில் இன்டென்ஷனலாகக் கையை நீட்டலாம். ஒரு நொடியில் டெலிபரேட்டாக எதையும் செய்வது கஷ்டம்.

தூத்தூர் பந்து:
டீச்சர் கடைசியாகச் சொன்னதற்குக் கால்பந்தில் சரியான உதாரணம் இருக்கிறது. எங்கள் கடற்கரையில் இதைப் பற்றி ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

2021 அக்டோபர், நேஷன்ஸ் லீக் ஃபைனல், பிரான்ஸும் ஸ்பெயினும். பிரான்ஸின் எம்பாப்பே ஆஃப்சைடில் நிற்கிறார், அதாவது பந்து வாங்கக் கூடாத அளவுக்கு எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னால். அவர் அணியின் தியோ எர்னாண்டஸ் அவருக்குப் பந்து போடுகிறார். நடுவில் ஸ்பெயின் டிஃபெண்டர் எரிக் கார்சியா காலை நீட்டி விழுந்து தடுக்கப் பார்க்கிறார், பந்து அவர் காலில் லேசாகப் பட்டு எம்பாப்பேயிடம் போகிறது, கோல். விஏஆர் (வீடியோ நடுவர்) பார்த்தும் கோல் செல்லும் என்றார்கள், பிரான்ஸ் 2-1 என்று ஜெயித்தது. காரணம் விதியில் இருந்த ஒரே சொல்: எதிரணி ஆள் பந்தை ‘டெலிபரேட்’ ஆக ஆடிவிட்டால், அதற்கு அப்புறம் அந்தப் பந்தை வாங்குகிறவருக்கு ஆஃப்சைடு கிடையாது. கார்சியா பந்தைத் தொடத்தானே காலை நீட்டினார், அப்போ டெலிபரேட்தானே என்று எடுத்துக்கொண்டார்கள்.

உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது. 2022 ஜூலையில் விதி எழுதுகிற ஐஎஃப்ஏபி விளக்கம் கொடுத்தது. பந்தைத் தொட நினைத்தது மட்டும் போதாது, பந்து அவர் கட்டுப்பாட்டில் வரக்கூடிய நிலை இருந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளச் சில அடையாளங்களும் கொடுத்தார்கள்: பந்து தூரத்திலிருந்து வந்ததா, தெளிவாகப் பார்க்க முடிந்ததா, வேகமாக வந்ததா மெதுவாக வந்ததா, எதிர்பார்த்த திசையில் வந்ததா, உடம்பைத் தயார் செய்ய நேரம் இருந்ததா. எட்டி விழுந்து, குதித்து எப்படியோ தொட்டது அதில் சேராது. இன்றைக்கு அந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால் எம்பாப்பே ஆஃப்சைடு என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதாவது கார்சியா செய்தது இன்டென்ஷனல், அதில் சந்தேகமே இல்லை. டெலிபரேட் இல்லை. விதிக்காரர்களே அந்த வித்தியாசத்துக்கு வந்து சேர ஒரு கோப்பை போக வேண்டியிருந்தது.

குலசேகரம் ரப்பர்:
சரி, இது நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது என்று அகராதியை நம்பிச் சொல்ல வேண்டாம். தெரிந்தே செய்தான், மனதறிந்து செய்தான், திட்டம் போட்டுச் செய்தான், வீம்புக்குச் செய்தான், இவையெல்லாம் வேறு வேறுதானே. பாறசாலைப் பக்கம் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் மலையாளத்தில் ‘கருதிக்கூட்டி’ என்பார்கள், அது டீச்சர் சொன்ன டெலிபரேட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

தக்கலை டீச்சர்:
நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அதுதான் எனக்கும் முக்கியமாகப் படுகிறது. ‘வேண்டுமென்றே’ என்பதில் குற்றம் சாட்டுகிற தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வேண்டுமென்றே உதவி செய்தார்’ என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலீஷில் டெலிபரேட் நல்ல காரியத்துக்கும் வரும். மனோதத்துவப் பேராசிரியர் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-ல் ‘டெலிபரேட் பிராக்டிஸ்’ என்று எழுதினார், வயலின் படிக்கிறவர்கள் தங்களுக்கு வராத இடத்தை மட்டும் பிடித்துத் திரும்பத் திரும்பப் பழகுவதைப் பற்றி. அதை ‘வேண்டுமென்றே பயிற்சி’ என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் பாருங்கள். இப்படி இடத்தைப் பார்த்து ‘கருத்தூன்றிய’, ‘தெரிந்தே’, ‘யோசித்து எடுத்த’ என்று மாற்றாமல், எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றே போடுவதால்தான் பிள்ளைகள் திரும்ப இங்கிலீஷுக்குப் போகும்போது வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

நாகர்கோவில் வக்கீல்:
கோர்ட்டில் இந்தச் சொற்களுக்கு வருஷக்கணக்கில் ஜெயில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் நானும் கொஞ்சம் எழுதுகிறேன்.

டீச்சரின் பலாக் கொப்பையே எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர், “ஓட்டை உடைக்கணும்னு எனக்கு எண்ணமே இல்லை” என்கிறார். இங்கிலீஷ் சொற்படி அவர் சொல்வது உண்மை. சட்டப்படி அது போதாது. சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைப் பற்றிய பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 425, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 324, அதில் ‘இன்டென்ட்’ என்று மட்டும் இல்லை. சேதம் வரக்கூடும் என்று ‘அறிந்து’ செய்தாலும் உள்ளே வரும். மரத்தில் ஏறியவன் சொன்ன அந்த ஒரு வரி சாட்சியமாக வந்தால், ஓட்டுமேல் விழும் என்று அவருக்குத் தெரியாது என்று வாதாட முடியாது.

‘வாலன்டரிலி’ என்பது இன்னும் ஏமாற்றுகிற சொல். நம் சட்டத் தமிழில் ‘தன்னிச்சையாகக் காயம் ஏற்படுத்துதல்’ என்று வரும். படிக்கிறவர் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகச் செய்தது என்று நினைப்பார். 1860-ல் வந்த அந்தப் பழைய தண்டனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு அதற்குத் தனி விளக்கமே கொடுத்தது: நினைத்துச் செய்தாலும் சரி, இந்த வழியில் செய்தால் இது நடக்கக்கூடும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ செய்தாலும் சரி, அது வாலன்டரிலி. அங்கேயே ஒரு உதாரணமும் உண்டு. ஒருவன் கொள்ளையடிக்க வசதியாக ராத்திரியில் ஆள் குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைக்கிறான், உள்ளே ஒருவர் செத்துப்போகிறார். கொல்வது அவன் நோக்கமாக இல்லாமல் இருக்கலாம், செத்ததற்கு அவன் வருத்தப்படக்கூடச் செய்யலாம், ஆனாலும் சாவு வரக்கூடும் என்று தெரிந்திருந்தால் அதை அவன் வாலன்டரிலி விளைவித்தான் என்கிறது சட்டம். புதிய சட்டம் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த விளக்கம் அப்படியே தொடர்ந்தது.

உயிர்ச்சேதம் என்று வரும்போது இந்த வித்தியாசம் தண்டனையில் நேராகத் தெரியும். கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல், பழைய 304, இப்போது 105. உள்நோக்கம் இருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். சாவு வரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தது என்றால் அதிகபட்சம் 10 வருஷம். இரண்டும் இல்லாமல் வெறும் அஜாக்கிரதை என்றால் அது வேறு பிரிவு, 106. ஆக, ‘நினைத்தான்’, ‘தெரிந்திருந்தான்’, ‘கவனிக்கவில்லை’ என்ற மூன்று வினைச்சொல்லுக்கு நடுவில் ஒரு மனிதனின் வாழ்க்கை நிற்கிறது. முதல் புகார் மனுவை எழுதிக் கொடுக்கிறவர், சம்பிரதாயத்துக்கு எல்லாச் சொல்லையும் சேர்த்து ‘வேண்டுமென்றே திட்டமிட்டு உள்நோக்கத்துடன் தெரிந்தே’ என்று எழுதும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டெலிபரேட் என்பதையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பழைய 295-ஏ, இப்போது 299, அந்தப் பிரிவில் ‘டெலிபரேட் அண்ட் மலீஷியஸ் இன்டென்ஷன்’ என்று மூன்று சொல்லும் சேர்ந்தே நிற்கும். அந்தச் சேர்க்கையை வைத்துத்தான் 1957-ல் ராம்ஜி லால் மோடி வழக்கில் சுப்ரீம் கோர்ட், தெரியாமலோ கவனக்குறைவாகவோ புண்படுத்திவிட்ட பேச்சை இந்தப் பிரிவு தண்டிக்காது என்று சொல்லி, பிரிவு செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது.

வடசேரி முன்னாள் வங்கி:
வக்கீல் சாரோடு சேர்த்து ‘வில்ஃபுல்’ என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்திரிகைகளில் ‘வில்ஃபுல் டிஃபால்டர்’ என்பதற்கும் வேண்டுமென்றே கடன் கட்டாதவர் என்றுதான் வருகிறது. கடன் கட்டாதவர் எல்லோரும் வில்ஃபுல் இல்லை. மீன் பாடு இல்லாமல் படகுக் கடன் கட்ட முடியாமல் நின்றவரும், முந்திரி ஆலை நொடித்துப்போனவரும் டிஃபால்டர்தான், வில்ஃபுல் இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 25 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனில்தான் இந்தப் பட்டம் வரும். கட்ட வசதி இருந்தும் கட்டாமல் இருப்பது, வாங்கிய காரியத்தை விட்டுப் பணத்தை வேறு பக்கம் திருப்புவது, அடமானம் வைத்த சொத்தை வங்கிக்குத் தெரியாமல் விற்பது, இப்படி ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். பெயரைப் பட்டியலில் சேர்க்கும் முன் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கமும் கேட்க வேண்டும். வில்ஃபுல் என்ற சொல்லில் ‘முடியும், ஆனாலும் மாட்டேன்’ என்ற பிடிவாதம் இருக்கிறது. பிடிவாதக்காரக் குழந்தையை வில்ஃபுல் சைல்டு என்பதும் அதனால்தான். வெறும் இன்டென்ஷனல் என்று எழுதியிருந்தால் அந்த ‘முடியும்’ என்ற பாகம் காணாமல் போயிருக்கும்.

முட்டம் மாணவன்:
எல்லோரும் சொல்வதைப் படித்துவிட்டு ஒரு விஷயம் மட்டும். டீச்சர் பிரித்தபடி, இன்டென்ஷனலி என்பது நினைப்பும் செய்கையும் பொருந்துவதை மட்டும் பார்க்கிற சுத்தமான சொல் என்று தோன்றும். மக்கள் அதை அப்படிப் பயன்படுத்துவதில்லை. ஜோஷுவா நோப் என்ற அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர் 2003-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். நியூயார்க்கில் பூங்காவுக்கு வந்தவர்களிடம் ஒரு கதை சொன்னார். கம்பெனி தலைவரிடம், இந்தத் திட்டம் லாபம் தரும், ஆனால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் என்கிறார்கள். சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, லாபம்தான் வேண்டும், ஆரம்பியுங்கள் என்கிறார் அவர். கெடுதல் நடக்கிறது. அவர் இன்டென்ஷனலி கெடுத்தாரா? 82 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். வேறு ஆட்களிடம் அதே கதையில் கெடுதல் என்பதை மட்டும் நன்மை என்று மாற்றிச் சொன்னார். இன்டென்ஷனலி நன்மை செய்தாரா என்றால் 23 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். தலைவர் மனதில் இருந்தது இரண்டு கதையிலும் ஒன்றுதான்.

நம் பலாக் கொப்புக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஓடு உடைந்தால் வேண்டுமென்றே உடைத்தான் என்போம். அதே கொப்பு போனதால் நமது கிணற்றடியிலும் வெயில் விழுந்து பாசி காய்ந்தது என்று வையுங்கள், வேண்டுமென்றே நமக்கு நன்மை செய்தான் என்று ஒருவரும் சொல்ல மாட்டோம். ஆக, குற்றத்தொனி தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் உள்ளது இல்லை, இன்டென்ஷனலி என்பதற்கும் கொஞ்சம் உண்டு.

தக்கலை டீச்சர்:
இது நல்ல பதில் தம்பி. நான் பிரித்தது அகராதிப் பிரிவு, நீ சொல்வது வாய்ப்பேச்சு. எழுதுகிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆன் பர்பஸ் பற்றியும் சொல்லி விடுகிறேன், நர்ஸ் மகளின் தம்பிக்காக. அது வீட்டுப் பேச்சு, குழந்தைகள் சண்டையில் அதிகம் வரும், வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அலுவலகக் கடிதத்தில் அவ்வளவு பொருந்தாது. இயந்திரக் கையேடுகளில் வெற்றுப் பக்கத்தில் ‘திஸ் பேஜ் இன்டென்ஷனலி லெஃப்ட் பிளாங்க்’ என்று அச்சடிப்பார்கள், அங்கே ஆன் பர்பஸும் வராது, டெலிபரேட்லியும் வராது. அச்சு விட்டுப்போகவில்லை என்று சொன்னால் போதும், யோசித்து முடிவெடுத்த கதை அங்கே தேவையில்லை. இன்னொன்று, ‘பர்ப்பஸ்லி’ வேறு, ‘பர்ப்பஸ்ஃபுலி’ வேறு. முதலாவது ஆன் பர்பஸ் என்பதேதான். இரண்டாவது, ஒரு குறிக்கோளோடு உறுதியாகச் செய்வது. ஆராய்ச்சிப் பிள்ளைகள் எழுதும் ‘பர்ப்பஸிவ் சாம்ப்ளிங்’, அதாவது ஆய்வுக்குப் பொருத்தமான ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, மூன்றாவது. இந்த மூன்றையும் கலந்து எழுதிய தாளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

மான்செஸ்டர் கொல்லங்கோட்டுக்காரி:
நர்ஸ் தங்கச்சிக்கு நேரான பதில் யாரும் சொல்லாததால் எழுதுகிறேன், நான் இங்கே வார்டில்தான் வேலை பார்க்கிறேன். உங்கள் வாக்கியத்துக்கு இந்த மூன்று சொல்லும் வேண்டாம். ‘வித்ஹெல்ட்’ என்று எழுதுங்கள். நிறுத்திவைத்தோம் என்ற எண்ணம் அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘மிஸ்ட்’ என்றாலோ ‘ஒமிட்டட்’ என்றாலோதான் தவறியா, தெரிந்தா என்ற கேள்வி வரும். கூடவே ரத்த அழுத்தம் எவ்வளவு, யார் சொன்னது, எத்தனை மணிக்கு, எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் போதும். ‘டெலிபரேட்லி வித்ஹெல்ட்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிக்கிறவருக்கு, சிகிச்சையை யாரோ மனதறிந்து மறுத்ததாக ஒரு புகார் போலத் தெரியும்.

இந்தச் சொல் நோயாளியையும் காயப்படுத்தும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி முன்பெல்லாம் பிரிட்டனில் ‘டெலிபரேட் செல்ஃப்-ஹார்ம்’ என்று எழுதுவார்கள். அப்படி வருகிறவர் நிறுத்து நிதானமாகத் தீர்மானித்துச் செய்தார் என்று அந்தச் சொல் சொல்கிறது, பல பேர் விஷயத்தில் அது உண்மையில்லை, அதில் ஒரு குறை சொல்லும் தொனியும் இருக்கிறது. அதனால் டெலிபரேட்டை விட்டுவிட்டு ‘செல்ஃப்-ஹார்ம்’ என்று மட்டும் எழுதுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை ‘இன்டென்ஷனல் செல்ஃப்-ஹார்ம்’ என்று இருக்கும். அங்கே தற்செயலான விபத்தைப் பிரிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு இன்டென்ஷனல் போதும். நோயாளி பக்கத்தில் நின்று எழுதுகிற நமக்கு அந்தத் தேவை பெரும்பாலும் இல்லை. ராத்திரி ஷிஃப்டில் அவசரமாக எழுதும் ஒரு சொல் அந்த மனிதரின் ஃபைலில் பல வருஷம் இருக்கும், அடுத்தடுத்து வருகிற டாக்டர் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

குழித்துறை நர்ஸ்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி, அக்கா சொன்னபடி ‘வித்ஹெல்ட்’ போட்டு, பக்கத்தில் அழுத்த அளவையும் டாக்டர் சொன்ன நேரத்தையும் எழுதிவிட்டேன். இன்னும் ஒன்று கேட்கட்டுமா? நோயாளியே மாத்திரை வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டால்? வங்கி சார் சொன்ன வில்ஃபுல் அங்கே வருமா?

மான்செஸ்டர் கொல்லங்கோட்டுக்காரி:
வரவே வராது தங்கச்சி. வேண்டாம் என்று சொல்வது அவருடைய உரிமை, அதைப் பிடிவாதம் என்று பெயர் வைக்க நமக்கு இடமில்லை. ‘டிக்ளைன்ட்’ என்று எழுதுங்கள், எதனால் வேண்டாம் என்றார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் விளக்கிச் சொன்னீர்கள் என்பதையும் டாக்டருக்குத் தெரிவித்த நேரத்தையும் எழுதுங்கள்.